நிற்கத் தெரிந்த வண்டி

வண்டியைப் பற்றிப் பேசப் புகுவோர் எல்லோரும் முதலில் அதன் ஓட்டத்தைப் பற்றியே பேசுவர். எத்தனை மைல் வேகம், எத்தனை குதிரை வலு, ஒரு கலன் பெற்றோலுக்கு எவ்வளவு தூரம் என்பனவே வழக்கமான வினாக்கள். அது எவ்வாறு நிற்கும் என்று வினவுவோர் அரியர். தேர்த் திருவிழாவை ஊன்றிப் பார்த்தவர்களுக்கு இதன் பொருள் நன்கு விளங்கும். வடம் பிடிப்போர் பல நூற்றுவர். காண்போர் கண்ணெல்லாம் அவர்கள் மீதும் தேரின் மீதுமே படிந்திருக்கும். சில்லின் அருகே குனிந்தபடி, கையிற் கட்டையை ஏந்திச் செல்லும் நாலைந்து பேரை எவரும் பொருட்படுத்துவதில்லை. ஆயின் அவர்கள் தக்க தருணத்திற் கட்டையைக் கொடுக்கத் தவறினால் தேர் வீதியை விட்டு விலகிவிடும். ஓட்டம் பலருடைய ஆற்றல். நிறுத்தம் சிலருடைய பொறுப்பு.

எம்மிடம் உள்ள பழைய மோட்டார்க் காருக்குப் பிறேக் உறுப்புகளை மாற்ற நேர்ந்தபோது இவ்வுண்மை எமக்குப் பன்மடங்கு தெளிவாயிற்று. அதனோடு மற்றொரு வினாவும் எழுந்தது. பழைய பொருளொன்றைப் பழையதாகவே பேணுவது என்றால் என்ன? எதை மாற்றலாம், எதை மாற்றலாகாது? பழைய வண்டி வைத்திருப்போர்க்கு மட்டுமன்றி, முன்னோர் விட்டுச்சென்ற எதையேனும் வைத்துப் பேணும் குடும்பத்தார் யாவர்க்கும் இவ்வினா உரியது. ஆதலின் நாம் கண்டவற்றைச் சற்று விரிவாகவே எழுதுகின்றோம்.

காரின் கதை

அது 1958ஆம் ஆண்டில் ஆக்கப்பட்ட மொறிஸ் மைனர் 1000. அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியியலாளர் வரைந்த மொறிஸ் மைனர் 1948இல் இங்கிலாந்தில் முதன்முதல் வெளிவந்தது. 1970களின் தொடக்கம் வரை பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் செய்யப்பட்டன. யாழ்ப்பாணத்தில் ஆசிரியர், எழுதுவினைஞர், வைத்தியர் எனப் பலர் வீட்டு முற்றத்திலும் ஒரு காலத்தில் இவ்வண்டி நின்றது. எம் தந்தையார் இதனை 1972இல் இரண்டாங் கையாக வாங்கினார்.

1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டுக்கு எரிபொருள் வருவது தடைப்பட்ட நாள்களில், யாழ்ப்பாணத்தின் ஏனைய கார்களைப் போல இதுவும் மண்ணெண்ணெயில் ஓடிற்று. சில துளி பெற்றோலை விட்டு இயந்திரத்தை உயிர்ப்பித்து, பின்பு மண்ணெண்ணெய்க்கு மாற்றும் வித்தையை அக்காலத்துச் சிறுவர்களும் அறிவர். பிறேக்குக்குரிய திரவமும் கிடைக்கவில்லை. எமது ஊர் மெக்கானிக் ஆமணக்கெண்ணெயை வார்த்துச் சமாளித்தார். அது மூடத்தனமான செயலன்று. தொடக்க காலத்துப் பிறேக் திரவமே ஆமணக்கெண்ணெயும் மதுசாரமும் கலந்ததுதான். ஆமணக்கெண்ணெய் றப்பரைக் கெடுப்பதில்லை என்பதை அவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் தென்மராட்சியை நோக்கிப் பெயர்ந்தபோது, பாட்டியாரையும் இரண்டு அயல்வீட்டுக் குழந்தைகளையும் ஏற்றிக்கொண்டு இந்தக் காரும் அந்தச் சனத்திரளோடு ஊர்ந்தது. வீதி தெரியாதபடி மனிதர். முன்னே முதியவர், பின்னே சைக்கிள், இரு பக்கமும் தலைச்சுமை. அன்றிரவு அவ்வண்டிக்கு வேண்டியிருந்தது ஓட்டமன்று. ஓரடி நகர்ந்து ஓரடியில் நிற்கும் ஆற்றலே. விடியும்வரை தந்தையாரின் வலக்கால் பிறேக்கை விட்டு அகலவில்லை. ஆமணக்கெண்ணெய் கைவிடவில்லை.

இத்தகைய வண்டியைப் பிள்ளைகள் வெறும் இரும்பாகக் கருத இயலாது என்பதை வாசகர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

ஒரு மாலைப் பொழுது

தந்தையார் மறைந்தபின் கார் எம் பொறுப்புக்கு வந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன், பாடசாலை விடும் நேரத்தில், சந்தியொன்றை அணுகியபோது பிறேக்கை மிதித்தோம். பெடல் எவ்விதத் தடையுமின்றிக் கீழே சென்று தளத்தைத் தட்டியது. வண்டி நிற்கவில்லை. கைப்பிறேக்கை இழுத்த இழுப்பில் ஒருவாறு நின்றது. எமது காரின் முன்புறத்துக்கும், வெள்ளைச் சீருடையோடு சைக்கிளை உருட்டிக்கொண்டு வீதியைக் கடந்த ஒரு மாணவிக்கும் இடையே இரண்டு முழ இடைவெளி இருந்தது. அந்தப் பிள்ளை எம்மைத் திரும்பியும் பார்க்காமல் தோழியோடு பேசியபடி போய்விட்டாள். எமக்கு அங்கேயே அரைமணி நேரம் காரை விட்டு இறங்க முடியவில்லை.

காரணம் பின்னர் தெரிந்தது. ஒரு கிழமைக்கு முன் எண்ணெய் மாற்றக் கொடுத்த திருத்தகமொன்றில், பிறேக் ஒயில் குறைந்திருக்கக் கண்டு, இயந்திரத்துக்குரிய கனிய எண்ணெயை அதில் ஊற்றியிருக்கின்றனர். கனிய எண்ணெய் பிறேக்கின் றப்பருக்கு நஞ்சு. உள்ளே இருந்த றப்பர்க் கிண்ணங்கள் தயிரில் ஊறிய வடையைப்போல் உப்பி, மெதுமெதுத்து, திரவத்தைத் தாங்கும் வலுவிழந்து கிடந்தன.

மூன்று ஆலோசனைகள்

செய்தி இலண்டனில் உள்ள தமையனாருக்கு எட்டியது. அவர் தொலைபேசியிற் சொன்னது இது: "தம்பி, அது அப்பா ஓட்டின கார். ஒரு ஆணிகூட மாத்தக் கூடாது. இஞ்ச பழைய கார் வைச்சிருக்கிற ஆக்கள் ஒறிஜினல் எண்டதுக்கு எவ்வளவு மதிப்புக் குடுக்கினம் தெரியுமே?"

பொறியியல் பயிலும் மருமகன் அருகில் நின்றான். அவனுடைய கருத்து நேரெதிரானது. "மாமா, அறுபத்தஞ்சு வருசத்துப் பிறேக்கை நம்பி றோட்டுக்கு ஏத்துறதே? முன் சில்லு ரெண்டுக்கும் டிஸ்க் பிறேக் போட்டுவிடுவம். ஒரு கிழமை வேலை."

எழுபதை அணுகிய எமது ஊர் மெக்கானிக் இருவர் சொன்னதையும் கேட்டுவிட்டுத் தலையசைத்தார். "மாஸ்ரர், ரெண்டு பேர் சொல்லுறதிலயும் ஞாயம் இருக்கு. ஆனா ரெண்டு பேரும் பிறேக்கைத் திறந்து பாக்கேல்லை. முதல்ல திறப்பம்."

திறந்து பார்த்த பின்பே பேச வேண்டும் என்பது பிறேக்குக்கு மட்டும் உரிய அறிவுரையன்று.

உள்ளே நடப்பது

மாணவர்கள் பொருட்டு இதன் இயக்கத்தைச் சுருங்கக் கூறுவோம். மூடிய கலத்திலுள்ள திரவத்தின் மேல் ஓரிடத்திற் கொடுக்கும் அழுத்தம் எல்லாப் பக்கமும் குறையாது பரவும் என்பது பதினேழாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறிஞர் பிளேய்ஸ் பஸ்காலின் விதி. ஒரு சதுர சென்ரிமீற்றர்ப் பரப்பில் பத்துக் கிலோகிராம் சுமையை வைத்தால், குழாயின் மறுமுனையில் இரண்டு சதுர சென்ரிமீற்றர்ப் பரப்பு இருபது கிலோகிராமைத் தாங்கும். இந்த விதியை மோட்டார் வண்டியின் பிறேக்குக்குப் பயன்படுத்தியவருள் முன்னோடி மல்கம் லொக்ஹீட் என்னும் அமெரிக்கர். அவரும் தம்பியாரும் விமானத் தொழிலாலும் பெயர் பெற்றவர்கள். 1921இல் டூசன்பேர்க் என்னும் அமெரிக்கக் கார் நான்கு சில்லுகளுக்கும் இத்தகைய திரவப் பிறேக்கோடு வெளிவந்தது. மொறிஸ் மைனருக்குப் பூட்டியதும் லொக்ஹீட் பிறேக்கே.

பெடலை மிதித்ததும் மாஸ்ரர் சிலிண்டர் என்னும் தலைமைச் சிலிண்டரிலிருந்து திரவம் குழாய்கள் வழியே நான்கு சில்லுகளுக்கும் தள்ளப்படுகிறது. ஒவ்வொரு சில்லிலும் ஓர் இரும்பு டிறம் சில்லோடு சேர்ந்து சுழலும். அதனுள்ளே பிறை வடிவான இரண்டு சூக்கள். சில்லுச் சிலிண்டர் தள்ளும்போது சூக்கள் விரிந்து, தம்மேல் ஒட்டிய லைனிங்கால் டிறத்தைப் பற்றி நிறுத்தும். முன் சில்லுகளில் ஒரு நுட்பம் உண்டு. சூவுக்கு ஒன்றாகச் சில்லுக்கு இரண்டு சிலிண்டர்கள் வைத்திருக்கின்றனர். சுழலும் டிறமே சூவைத் தன்பால் இழுத்து மேலும் இறுக்கிக்கொள்ளும்படி அவை அமைந்தவை. அதனால் முன்னோக்கிச் செல்கையில் பிடி வலியது. பின்னோக்கிச் செல்கையில் மெலியது.

குறை ஒன்று. பிற்கால வண்டிகளில் திரவ வழி இரண்டாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒன்று பழுதானாலும் மற்றது காக்கும். மொறிஸ் மைனரில் வழி ஒன்றே. எங்கேனும் ஒரு றப்பர் கிழிந்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே கைவிடும். எஞ்சுவது கம்பியால் இயங்கும் கைப்பிறேக் மட்டுமே. அன்று மாலை எம்மையும் அந்தப் பிள்ளையையும் காத்தது அதுதான்.

எது பழமை?

திறந்த உறுப்புகளை மெக்கானிக் ஒரு சாக்கின்மேல் வரிசையாகப் பரப்பி வைத்தார். பார்த்துக்கொண்டிருந்தபோது ஓர் உண்மை புலப்பட்டது. அவை இரு வகையின. வார்ப்பிரும்புச் சிலிண்டர், டிறம், சூவின் இரும்புச் சட்டம், பெடலின் தண்டு ஆகியவை காலங்காலமாக இருக்கச் செய்தவை. றப்பர்க் கிண்ணம், றப்பர் குழாய், லைனிங், திரவம் ஆகியவை தேய்ந்தும் கெட்டும் மாற்றப்படவே செய்தவை. வண்டியைச் செய்தவர்களே இவற்றைத் தனிப் பொதிகளாக விற்றனர். அறுபத்தைந்து ஆண்டுகளில் இந்தக் காரின் றப்பர்கள் எத்தனை முறை மாறியிருக்கும்! 1958ஆம் ஆண்டின் றப்பரைத் தந்தையாரே ஒருபோதும் கண்டிருக்க மாட்டார்.

எமது ஆலயங்களில் பன்னிரண்டு ஆண்டுகளுக்கொரு முறை கும்பாபிடேகம் நிகழ்கின்றது. மூலமூர்த்தியைப் பீடத்தோடு பொருத்துவதற்குச் சாத்தும் அட்டபந்தன மருந்தை அப்போது அகற்றிப் புதிதாகச் சாத்துவர். எட்டு வகைப் பொருள்களை இடித்துச் செய்யும் அம்மருந்து முதலில் நெகிழ்ந்திருந்து, நாளடைவில் இறுகி வெடித்து, நீர் உட்புக இடங்கொடுக்கும். ஆதலின் அதைப் புதுப்பிப்பது மரபு. மருந்தை மாற்றியதால் மூர்த்தி மாறிவிட்டது என்று எவரும் சொல்வதில்லை. மாற்றாமல் விடுவதே குற்றம் என்பர். பிறேக்கின் றப்பரும் அத்தகையதே. அதைப் புதுப்பிப்பது வண்டியைப் பேணும் முறையின் ஒரு கூறு.

மேனாட்டாரும் இதையொத்த முடிவுக்கே வந்திருக்கின்றனர். 1966இல் நிறுவப்பெற்ற பழைய வாகனங்களின் பன்னாட்டுக் கூட்டமைப்பு, ரியூறின் சாசனம் என்னும் நெறியை ஏற்றுக்கொண்டது. பாதுகாப்பின் பொருட்டு மாற்றம் செய்ய நேரின் அது வண்டியின் தோற்றத்தையும் அமைப்பையும் குலைக்காமல் அடக்கமாக இருக்க வேண்டும். வேண்டியபோது பழைய நிலைக்கு மீட்கக்கூடியதாக இருத்தல் நன்று. கழற்றிய பழைய உறுப்புகளைப் பேணி வைக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த அளவுகோலைக் கையிற்கொண்டு ஒவ்வோர் உறுப்பாக ஆராய்ந்தோம்.

உறுப்பு உறுப்பாக

முதலில் சிலிண்டர்கள். முன்னே நான்கு, பின்னே இரண்டு, தலைமைச் சிலிண்டர் ஒன்று. இந்தத் தலைமைச் சிலிண்டர் சாரதியின் காலடியில், தளத்தின் கீழே, அடிச்சட்டத்துக்குள் மறைந்து கிடக்கும். முன் சில்லைத் தாங்கும் நீண்ட முறுக்குக் கம்பி அதன் ஆணிகள் வெளிவரும் வழியை மறித்து நிற்கும். அதைக் கழற்றுவது, தூங்கும் பிள்ளையின் அடியிலிருந்து பாயை உருவுவது போன்ற வேலை. மெக்கானிக்குக்கு ஒரு பகல் முழுவதும் சென்றது.

சிலிண்டர்களின் உட்சுவரைத் தேய்த்துத் துப்புரவாக்கிப் பார்த்ததில் ஐந்து தேறின. பின் சில்லுகளின் இரண்டிலும் துரு குழி குழியாக அரித்திருந்தது. குழி விழுந்த சுவரிற் புதிய றப்பர் இருந்தும் பயனில்லை. அது சில நாளிற் கிழிந்துவிடும். இவற்றை எறிந்துவிட்டுப் புதியன வாங்கலாம். இங்கிலாந்தில் இன்றும் செய்கின்றனர். ஆயின் வேறொரு வழியும் உண்டு. சிலிண்டரின் உள்ளே சற்று அகலமாகக் கடைந்து, துருப்பிடியாத உருக்கினாலான மெல்லிய உறையொன்றை இறுக்கிச் செலுத்தி, பழைய விட்டத்துக்கே மீண்டும் கடைந்துவிடலாம். வெளியே பார்த்தால் அதே வார்ப்பு, அதே எழுத்து. உள்ளேயோ உப்புக் காற்றுக்கும் அஞ்சாத புதிய சுவர். கொழும்பில் கடைசல் வேலையில் தேர்ந்த ஒருவரிடம் அனுப்பி அவ்வாறே செய்வித்தோம். தமையனாருக்கும் மருமகனுக்கும் ஒருசேர உவப்பளித்த முதற் காரியம் இதுவே.

அடுத்து, உருக்குக் குழாய்கள். கடலை அடுத்த ஊர்களில் இவை வெளியிலிருந்தே துருவேறி மெலிகின்றன. இவற்றுக்குப் பதிலாகச் செம்பும் நிக்கலும் கலந்த குழாயைப் போட்டோம். தொண்ணூறு பங்கு செம்பும் பத்துப் பங்கு நிக்கலும் சேர்ந்த அவ்வுலோகம் துருப்பிடிப்பதில்லை. தனிச் செம்பு தகாது. அது வண்டியின் அதிர்வால் நாளடைவில் இறுகி வெடிக்கக்கூடும். நிறம் சற்றுச் சிவந்திருக்கும் என்பது உண்மையே. ஆயின் பழைய குழாய் சென்ற வழியிலேயே, அதே வளைவுகளோடு, அதே பிடிகளில் இதையும் பொருத்தினோம். வண்டியின் அடியிற் படுத்துப் பார்ப்பவர்க்கே வேறுபாடு தெரியும். அவருக்குத் தெரிவதிலும் தவறில்லை. புதியதைப் பழையதாகக் காட்டி மயக்குவது பேணுதலாகாது.

பெட்டிக்குள் முதுமை

இனி றப்பர் குழாய்கள். முன் சில்லுகள் திரும்பவும் பின் அச்சு ஏறி இறங்கவும் வேண்டுமாதலால், மூன்று இடங்களில் வளையும் குழாய் உண்டு. தமையனார் பெருமுயற்சி செய்து, இங்கிலாந்தில் ஒரு பழைய கடையின் மிச்சச் சரக்கிலிருந்து, 1960களின் பெட்டி பிரிக்கப்படாமலே இருந்த குழாய்களையும் றப்பர்க் கிண்ணங்களையும் வாங்கி அனுப்பினார். பெட்டியின் நிறமும் அச்செழுத்தும் கண்ணைக் கவர்ந்தன. "இதைவிட ஒறிஜினல் உலகத்தில கிடையாது" என்று எழுதியிருந்தார்.

மெக்கானிக் ஒரு குழாயை எடுத்து மெல்ல வளைத்தார். அதன் மேற்புறத்தில் வரண்ட குளத்தின் அடிமண்போல் வெடிப்புகள் தோன்றின. கிண்ணமொன்றை இரு விரலால் அமுக்கினார், அது துண்டாயிற்று. சற்று நேரம் எவரும் பேசவில்லை.

ஒருநாளும் ஓடாத, எவர் கையும் படாத, முற்றும் அசலான பொருள் அது. பெட்டிக்குள் இருந்தபடியே முதுமையடைந்து மாண்டுவிட்டது. றப்பருக்குத் தேய்மானம் மட்டுமே பகையன்று. காலமும் காற்றுமே போதும். பழைய குழாய் வெளியே நன்றாயிருந்தும் உட்புறம் வீங்கி வழியை அடைப்பதும் உண்டு. அப்போது காலை எடுத்தபின்னும் பிறேக் விடாது பற்றிக்கொண்டிருக்கும். ஆகவே, குழாயும் கிண்ணமும் அண்மையிற் செய்யப்பட்டனவாகவே இருத்தல் வேண்டும். தோற்றத்துக்காக, பளபளக்கும் உருக்கு வலையிட்ட குழாயைத் தவிர்த்து, பழைய அமைப்பிலேயே இன்று செய்யப்படும் கறுப்பு றப்பர் குழாயை வரவழைத்தோம். பெட்டிகளைத் தமையனாரின் நினைவாக அலுமாரியில் வைத்திருக்கின்றோம். செய்தியை அறிவித்தபோது அவர், "சரி தம்பி, அந்தாளின்ர சொல்லைக் கேள்" என்றார்.

லைனிங்கில் மற்றொரு எச்சரிக்கை உண்டு. அக்காலத்து லைனிங்குகளில் கல்நார் கலந்திருந்தது. அதன் தூசி நுரையீரலுட் புகுந்தால் பல்லாண்டுகள் கழித்தும் கொடிய நோய்களை விளைவிக்கும். இங்கிலாந்து 1999இல் கல்நாரின் பயன்பாட்டைத் தடை செய்துவிட்டது. பழைய டிறத்தைக் கழற்றும்போது அதிலுள்ள தூசியைக் காற்றடித்தோ வாயால் ஊதியோ போக்கலாகாது. ஈரத் துணியால் துடைத்து, அத்துணியைக் கட்டி அகற்ற வேண்டும். சூவின் பழைய இரும்புச் சட்டத்தை வைத்துக்கொண்டு, கல்நாரற்ற புதிய லைனிங்கை அதன்மேல் ஒட்டுவித்தோம். அசல் என்பதற்காக நஞ்சையும் பேணுவார் உளரோ?

டிறங்களை அளந்து, கோடு விழுந்த இரண்டை மட்டும் மிகச் சிறிதளவு கடைந்தோம். கைப்பிறேக்கின் கம்பிகளைப் புதிதாக்கினோம். திரவமாக இக்காலத்து டொட் 4 வகையைக் கொண்டோம். புதிதாயிருக்கையில் அது 230 பாகை செல்சியசுக்குக் குறையாமற் கொதிக்கும். ஆயின் அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நூற்றுக்கு நாலு பங்களவு நீர் சேர்ந்தால் கொதிநிலை 155 பாகை வரை இறங்கக்கூடும். உறிஞ்சிய நீரே சிலிண்டரை உள்ளிருந்து அரிக்கவும் செய்யும். ஆதலின் இரண்டு ஆண்டுக்கொரு முறை முற்றாக மாற்றுதல் நன்று. மாடி வீட்டாராயினும் குடிசையாராயினும், எமது ஈரக் காற்றுக்குப் பேதமில்லை.

டிஸ்க் பிறேக் பற்றிய முடிவு

மருமகனின் யோசனையைப் புறக்கணித்தோம் என்று எண்ணற்க. இங்கிலாந்தில் மொறிஸ் மைனருக்கு மொறிஸ் மரீனா என்னும் பிற்கால வண்டியின் டிஸ்க் பிறேக்கைப் பூட்டுவோர் பலர். வேக வீதிகளில் நாள்தோறும் ஓட்டுவோர்க்கு அது தக்கதே. எம் தேவையோ வேறு. ஞாயிற்றுக்கிழமைகளிலும், திருமண வீட்டார் மாப்பிள்ளை அழைப்புக்குக் கேட்கும் நாள்களிலும் ஊர் வீதியில் முப்பது மைல் வேகத்துக்குள் ஓடும் வண்டி இது.

இங்கே ஒரு கணக்கு உதவிற்று. பிரித்தானிய வீதி விதிநூலின்படி, மணிக்கு முப்பது மைல் வேகத்தில் செல்லும் கார், பிறேக் பற்றியபின் நிற்க 14 மீற்றர் தேவை. அறுபது மைல் வேகத்தில் 55 மீற்றர். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகின்றது. மருமகனே கணக்கைப் போட்டுவிட்டு, "மாமா, அப்ப வேகத்தைப் பாதியாக்கினா டிஸ்க் போட்டதைவிட லாபம்" என்றான். பழைய வண்டியின் உருவத்தை மாற்றாமற் காக்க விரும்புவோர் தம் அவசரத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். இரண்டில் ஒன்றை மாற்றாமல் இரண்டையும் வைத்திருக்க எண்ணுவது பிறர் உயிரோடு விளையாடுவதாகும்.

பெடல் றப்பர்

எல்லாம் முடிந்தபின் எஞ்சியது ஒரு சிறு பொருள். பிறேக் பெடலின்மேல் மாட்டியிருக்கும் றப்பர் மூடி. அதன் கோடுகள் வலப்புறத்தில் முற்றாக அழிந்து கண்ணாடிபோல் வழுவழுத்திருந்தன. தந்தையார் பாதத்தைச் சற்றுச் சாய்த்து வைத்து மிதிப்பவர். நாற்பது ஆண்டுக் காலம் அவருடைய செருப்பு எழுதிய எழுத்து அது. அந்த இரவு முழுவதும் பெடலை விட்டு அகலாத காலின் தடமும் அதில் உண்டு.

மழை நாளில் ஈரக்கால் அதில் வழுக்கும். மெக்கானிக் புதிய மூடியைக் கையில் வைத்துக்கொண்டு எதுவும் சொல்லாமல் எம்மைப் பார்த்தார். பஞ்சிகாவத்தையிற் சில ரூபாவுக்கு வாங்கக்கூடிய அந்தச் சிறு றப்பரை மாற்றச் சொல்வதற்கு, மற்றெல்லா உறுப்புகளுக்கும் எடுத்துக்கொண்டதிலும் அதிக நேரம் எமக்குத் தேவைப்பட்டது. தந்தையார் இருந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று எண்ணிப் பார்த்தோம். ஆமணக்கெண்ணெயாலாவது பிறேக் பிடிக்க வேண்டும் என்று நின்றவர் அவர். அவர் காப்பாற்ற விரும்பியது றப்பரை அன்று. உள்ளே இருந்தவர்களையும் வீதியில் நடந்தவர்களையுமே. மாற்றும்படி சொன்னோம்.

பழைய மூடி இப்பொழுது ஒரு பிஸ்கற் தகரத்துள், கழற்றிய ஏனைய உறுப்புகளோடு, துணியிற் சுற்றி வைக்கப்பட்டிருக்கின்றது. எந்த உறுப்பு, எந்தத் திகதியில், எதன் பொருட்டு மாற்றப்பட்டது என்பதை எம் மகள் ஒரு கொப்பியில் எழுதிக் காரின் முன்தட்டில் வைத்திருக்கின்றாள். அடுத்த தலைமுறையில் எவரேனும் பழைய நிலைக்கு மீட்க விரும்பினால் அதற்கு வேண்டியவை யாவும் உள.

தந்தையர் விட்டுச்சென்ற வண்டியை வைத்திருக்கும் குடும்பத்தார்க்கு இறுதியாக ஒன்று சொல்வோம். வர்ணம் பூசுவதற்கும், இருக்கைக்கு உறை தைப்பதற்கும், நிக்கல் பூச்சை மினுக்குவதற்கும் முன்னர் தளப்பலகையைத் தூக்கிப் பிறேக் திரவத்தைப் பாருங்கள். பெடலை ஒரு நிமிடம் அழுத்தியபடி பிடித்துப் பாருங்கள். அது மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் வண்டியை வீதிக்கு எடுக்காதீர்கள். றப்பர்களின் வயதைக் கேட்டறியுங்கள். கைப்பிறேக்கைச் சரியாக வைத்திருங்கள். எமது வீதிகளில் பள்ளிப் பிள்ளைகள் தோழியரோடு பேசிக்கொண்டுதான் நடப்பார்கள். அவர்கள் அவ்வாறே கவலையின்றி நடக்க வேண்டும்.